நாம் சொல்லித்தராமலே பிள்ளைகள் கற்பவை

'கற்றல்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமும் பாடநூலும் தேர்வும்தான். ஆனால் ஒரு குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே ஏராளமானவற்றைக் கற்றுக்கொண்டுவிடுகின்றது. யாரைக் கண்டால் ஓடி வரலாம், யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும், எவ்வளவு நேரம் அழுதால் கேட்டது கிடைக்கும், கோபம் வந்தால் கையில் இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இவற்றை நாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ஆயினும் இவற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

அனுபவத்தின் காரணமாக ஒருவருடைய நடத்தையில் ஏற்பட்டு, ஓரளவு நிலைத்து நிற்கும் மாற்றத்தையே உளவியலார் கற்றல் என்கின்றனர். அந்த மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். திருக்குறளை மனப்பாடம் செய்வதும் கற்றல்தான்; பொய் சொல்லித் தப்பிப்பதும் கற்றல்தான். இது நிகழும் வழிகளுள் மூன்றை உளவியல் விரிவாக ஆராய்ந்திருக்கின்றது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதைக் கொண்டு கற்பது முதல் வழி. செய்த செயலுக்குக் கிடைக்கும் விளைவைக் கொண்டு கற்பது இரண்டாவது வழி. பிறரைப் பார்த்துக் கற்பது மூன்றாவது வழி.

நம் முன்னோர் இம்மூன்றையும் அறிந்தே இருந்தனர். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது', 'அழுத பிள்ளை பால் குடிக்கும்', 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்று நாம் சொல்லும் பழமொழிகள் இவற்றையே உணர்த்துகின்றன. ஆனால் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அடிக்கடி ஒலிக்கும் நான்காவது பழமொழி ஒன்றும் உண்டு: 'அடியாத மாடு படியாது'. முதல் மூன்றையும் ஆய்வுகள் பெரிதும் உறுதி செய்கின்றன. நான்காவதை அவை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை நாம் விளங்கிக்கொண்டால், பிள்ளை வளர்ப்பில் பல கண்ணீர்த் துளிகளைத் தவிர்க்கலாம்.

சேர்ந்து வருபவை தரும் பாடம்

இவான் பாவ்லோவ் (1849–1936) ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குரு ஒருவருடைய மகன். குருமடத்தில் பயின்று, பின்னர் அதை விட்டு அறிவியல் படிக்கச் சென்றவர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றார். நாய்களின் வாயில் ஊறும் உமிழ்நீரை அளந்துகொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். உணவு வாயில் விழுந்த பிறகுதான் உமிழ்நீர் சுரக்க வேண்டும். ஆனால் உணவு கொண்டுவருபவரைப் பார்த்த உடனேயே, அவருடைய காலடி ஓசை கேட்ட உடனேயே நாய்களுக்கு வாயூறியது.

இதைச் சோதிக்க, உணவு தருவதற்குச் சற்று முன்பாக ஓர் ஓசையை எழுப்பினார். இவ்வாறு பலமுறை செய்த பிறகு, உணவு இல்லாமல் அந்த ஓசையை மட்டும் எழுப்பினாலும் உமிழ்நீர் சுரந்தது. ஓசைக்கும் உணவுக்கும் இயற்கையில் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் சேர்ந்து சேர்ந்து வந்ததால், நாயின் உடல் ஒன்றை மற்றொன்றின் அடையாளமாகக் கற்றுக்கொண்டது. கல்வி உளவியல் நூல்கள் இதை 'ஆக்கநிலையுறுத்தம்' என்று அழைக்கின்றன.

பாவ்லோவ் மேலும் சிலவற்றைக் கண்டார. ஓசையைத் தொடர்ந்து எழுப்பி உணவு தராமலே விட்டால், உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் சிறிது இடைவெளி விட்டு மீண்டும் ஓசையை எழுப்பினால், நின்றுபோனது ஓரளவு திரும்பி வரும். அதாவது பழைய பாடம் அழிந்துவிடவில்லை, அடங்கித்தான் இருந்தது.

இந்தச் சிறிய உண்மை நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது. குடிப்பழக்கத்தை விட்டுப் பல மாதங்கள் ஆன ஒருவர், மாலை வேளையில் அதே தெருமுனையைக் கடக்கும்போது, பழைய நண்பரைச் சந்திக்கும்போது, திடீரென்று அடக்க முடியாத வேட்கையை உணரலாம். அந்த இடமும் அந்த நேரமும் அந்த முகங்களும் ஆண்டுக்கணக்கில் மதுவோடு சேர்ந்தே வந்தவை. அவருடைய உடல் அவற்றை அடையாளமாகக் கற்றிருக்கின்றது. 'இவருக்கு மனவுறுதி இல்லை' என்று தூற்றுவதைவிட, அவர் வேறு வழியாக வீடு திரும்பவும், அந்த வேளையில் வேறு துணையோடு இருக்கவும் குடும்பம் உதவுவது பயன் தரும்.

அச்சமும் கற்கப்படுகின்றது

1920-ஆம் ஆண்டு ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பால்டிமோரில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். நூல்களில் அக்குழந்தை 'சிறுவன் ஆல்பர்ட்' எனப்படுகின்றது. வெள்ளை எலியைக் கண்டு அக்குழந்தை முதலில் அஞ்சவில்லை. பின்னர் எலியை அது தொடும்போதெல்லாம், அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியால் ஓங்கி அடித்து ஓசை எழுப்பினர். சிலமுறை இவ்வாறு செய்த பிறகு, எலியைக் கண்டாலே குழந்தை அழுது விலகியது. எலியை மட்டுமல்ல, முயலையும் மென்முடி மேலங்கியையும் கண்டுகூட அஞ்சியது. அந்த அச்சத்தை நீக்காமலே குழந்தை அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டது. இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இப்படிப்பட்ட சோதனையை ஒருபோதும் அனுமதிக்க மாட்டா.

இதைப் படிக்கும்போது நம் மனம் பதறுகின்றது. ஆனால் இதே பாடம் நம் வீடுகளில் சோதனைக்கூடம் இல்லாமலே நடக்கின்றது. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் தலையில் ஒரு குட்டும் ஒரு வசவும் சேர்ந்து வந்தால், அந்தப் பிள்ளை கணக்கைக் கற்கவில்லை. கணக்கைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கின்றது. அப்பாவின் வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதும் வீட்டில் பேச்சும் சிரிப்பும் நின்றுபோனால், அங்கும் ஒரு பாடம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கின்றது.

ஆயினும் கற்றதை மாற்ற முடியும் என்பதையும் உளவியல் காட்டியிருக்கின்றது. 1924-ஆம் ஆண்டு நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு உதவிய முறையை வெளியிட்டார். சிறுவனுக்குச் சுமார் மூன்று வயது. அவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது, கூண்டில் அடைத்த முயலைத் தொலைவில் வைத்தார். பின்னர் அவன் தாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முயலைக் கண்டு அஞ்சாத வேறு குழந்தைகளையும் அவனோடு விளையாடச் செய்தார். நடுவில் ஒரு பெரிய நாய் பாய்ந்து மிரட்டியதால் அவனுடைய அச்சம் திரும்பியது. மேரி சலிப்படையாமல் மீண்டும் தொடங்கினார். இறுதியில் பீட்டர் முயல் தன் விரல்களைக் கொறிக்கும்வரை விட்டு மகிழ்ந்தான்.

இருட்டைக் கண்டும் நாயைக் கண்டும் அஞ்சும் குழந்தையை 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்தோ, இருட்டறையில் தள்ளியோ அச்சத்தைப் போக்க முடியாது. அன்பான சூழலில், படிப்படியாக, பொறுமையாகச் செய்வதே வழி. இன்று அச்ச நோய்களுக்கு உளவியல் மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளில் இந்தப் படிப்படியான முறைக்கு முக்கிய இடம் உண்டு.

விளைவு தரும் பாடம்

கற்றலின் இரண்டாவது வழிக்கு வருவோம். அமெரிக்கரான எட்வர்ட் தார்ன்டைக், பசித்த பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து, 1898-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். பூனை முதலில் பிறாண்டும், கடிக்கும், முட்டி மோதும். தற்செயலாகக் கதவின் தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வந்து மீனை உண்ணும். மீண்டும் மீண்டும் அடைக்கப்படும்போது, வெளியேற அது எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்துகொண்டே வரும். நல்ல விளைவைத் தந்த செயல் வலுப்பெறும். பயன் தராத செயல் தேயும் என்று அவர் முடிவு செய்தார்.

இதை மேலும் வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990). ஒரு செயலைத் தொடர்ந்து வந்து, அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது எதுவோ அதற்கு 'வலுவூட்டல்' என்று பெயர். இது இருவகைப்படும். விரும்பியது கிடைப்பதால் செயல் வலுப்பெற்றால் அது நேர் வலுவூட்டல். வெறுத்தது விலகுவதால் செயல் வலுப்பெற்றால் அது எதிர் வலுவூட்டல். 'எதிர்' என்பதைத் தண்டனை என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். தலைவலி நீங்கியதால் அடுத்த முறையும் அதே மாத்திரையைத் தேடுகின்றோமே, அதுதான் எதிர் வலுவூட்டல்.

கடைவீதியில் நாம் அடிக்கடி காணும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். குழந்தை பொம்மை கேட்கின்றது. அம்மா மறுக்கின்றார். குழந்தை தரையில் புரண்டு அழுகின்றது. நாலு பேர் திரும்பிப் பார்க்கின்றனர். அம்மா பொம்மையை வாங்கிக் கொடுத்துவிடுகின்றார். அழுகை நிற்கின்றது. இங்கே இருவர் கற்கின்றனர். புரண்டு அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்கின்றது. வாங்கிக் கொடுத்தால் அழுகையும் வெட்கமும் தீரும் என்று அம்மா கற்கின்றார். அடுத்த முறை இருவருமே இன்னும் விரைவாக இதே வழியில் செல்வார்கள். அழுத பிள்ளை பால் குடிப்பது பசியின்போது நியாயம்; ஒவ்வொரு விருப்பத்திற்கும் அதுவே வழியானால் அழுகை ஒரு கருவியாகிவிடும்.

'நான் எப்போதும் வாங்கித் தருவதில்லை, எப்போதாவதுதான்' என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. உண்மையில் அந்த 'எப்போதாவது'தான் மிகவும் வலிமையானது. ஸ்கின்னர் எலிகளுக்குத் தரும் உணவு உருண்டைகளைத் தாமே செய்துவந்தார். ஒரு சனிக்கிழமை இருப்பைப் பார்த்தபோது, திங்கட்கிழமை காலைக்குள் அவை தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. எனவே எலி நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தராமல், இடைவெளி விட்டுத் தரத் தொடங்கினார். அப்போதும் எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இவ்வாறு இடைவிட்டுப் பயன் தந்த பழக்கம், அந்தப் பயன் அடியோடு நின்ற பிறகும் எளிதில் மறைவதில்லை என்பது பின்னர் பல ஆய்வுகளில் உறுதியாயிற்று.

லாட்டரிச் சீட்டு எத்தனை ஏழைக் குடும்பங்களின் அன்றாடக் கூலியை விழுங்கியது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு அது தடை செய்யப்பட்டது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனிதரை மீண்டும் மீண்டும் இழுக்கின்றது. இன்று நம் கையிலுள்ள கைபேசியும் ஏறக்குறைய இப்படியே செயல்படுகின்றது. பத்து முறை எடுத்துப் பார்த்தால் ஒரு முறை நல்ல செய்தி வந்திருக்கும். அந்த ஒரு முறைக்காகப் பத்து முறையும் எடுக்கின்றோம்.

விளைவு தற்செயலாக வந்தாலும் பாடம் பதிந்துவிடும். 1948-ஆம் ஆண்டு ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் குறித்த இடைவெளியில் தானியம் கிடைக்கச் செய்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, விந்தையான பழக்கங்களைக் கற்றுக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை நீட்டியது. தம் செயலால்தான் தானியம் வருகின்றது என்பதுபோல அவை நடந்துகொண்டன. பின்வந்த ஆய்வாளர்கள் இதற்கு வேறு விளக்கமும் தந்துள்ளனர். ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைபோல, தேர்வன்று அணிந்த சட்டையையும் வழியில் குறுக்கே வந்த பூனையையும் வெற்றி தோல்விக்குக் காரணமாக்கும் நம் பழக்கத்தை அந்தப் புறாக்கள் நினைவூட்டுகின்றன.

அடியாத மாடு படியாதா?

இப்போது அந்த நான்காவது பழமொழிக்கு வருவோம். அடித்தால் உடனே பலன் தெரிகின்றதே என்று நாம் கேட்கலாம். தெரிகின்றது என்பது உண்மைதான். 1938-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஸ்கின்னர் ஒரு சோதனையை விவரிக்கின்றார். நெம்புகோலை அழுத்திய எலிகளின் பாதத்தில் அந்த நெம்புகோலே அடிக்கும்படி செய்தார். எலிகள் அழுத்துவதை உடனே குறைத்துக்கொண்டன. ஆனால் அடி நின்ற பிறகு மீண்டும் அழுத்தத் தொடங்கின. இறுதியில் கணக்கிட்டபோது, அடி வாங்காத எலிகள் அழுத்திய அளவுக்கு இவையும் அழுத்தியிருந்தன. அடி அந்தப் பழக்கத்தைச் சிறிது நேரம் அடக்கியது, நீக்கவில்லை.

மனிதக் குழந்தைகளிடம் நிலைமை இன்னும் சிக்கலானது. முதலாவதாக, அடி 'இதைச் செய்யாதே' என்று மட்டும் சொல்கின்றது. 'எதைச் செய்ய வேண்டும்' என்று சொல்வதில்லை. இரண்டாவதாக, அடியின் வலி செய்த தவற்றோடு மட்டும் சேர்வதில்லை. அடித்தவரின் முகத்தோடும் சேர்ந்துவிடுகின்றது. மூன்றாவதாக, பிடிபட்டால்தான் அடி என்பதால், பிடிபடாமல் இருக்கும் கலையைப் பிள்ளை கற்கின்றது. பொய்யும் ஒளித்தலும் அங்கே பிறக்கின்றன. நான்காவதாக, அடித்த உடனே வீடு அமைதியாவதால் அடித்தவருக்கு எதிர் வலுவூட்டல் கிடைக்கின்றது. எனவே அவர் அடுத்த முறை இன்னும் விரைவில் கையை ஓங்குகின்றார்.

2016-ஆம் ஆண்டு எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்னும் ஆய்வாளர்கள், குழந்தைகளை அடிப்பது பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவற்றில் இடம்பெற்ற குழந்தைகள் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள். கையால் அடித்து வளர்ப்பது கீழ்ப்படிதலோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. மாறாக, முரட்டுத்தனம், மனநலக் குறைபாடுகள், பெற்றோரோடு உறவு நலிதல் ஆகியவற்றோடு தொடர்புடையதாகவே தெரிந்தது. ஏற்கெனவே அடங்காத பிள்ளைகள்தான் அதிகம் அடி வாங்குகின்றனரோ என்ற கேள்வி இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் எழும். ஆனால் அடியால் நன்மை விளைகின்றது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கின்றது. சட்டம் பள்ளியின் பிரம்பை எடுத்துவிட்டது. வீட்டின் கையை நாம்தான் அடக்க வேண்டும்.

கண்டிப்பே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எல்லைகள் இல்லாத பிள்ளை திசை தெரியாத பிள்ளை. ஆனால் அடிக்கும் கண்டிப்புக்கும் வேறுபாடு உண்டு. தண்ணீரைக் கொட்டியவன் துடைக்க வேண்டும்; விளையாட்டுப் பொருளை உடைத்தவன் அதற்கு மாற்று உடனே கிடைக்காமல் இருக்க வேண்டும். செயலோடு தொடர்புடைய, முன்கூட்டியே சொல்லப்பட்ட, அவமானப்படுத்தாத விளைவுகள் பாடம் கற்பிக்கின்றன.

பரிசு எப்போதும் நல்லதா?

அடிக்குப் பதில் பரிசு தந்தால் போதுமா? அதிலும் கவனம் வேண்டும். 1973-ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினரிடம், வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவோம் என்று முன்னரே சொல்லித் தந்தனர். இன்னொரு குழுவினருக்கு முன்னரே சொல்லாமல் தந்தனர். மூன்றாம் குழுவினருக்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய பாதி நேரமே வரைதலில் செலவிட்டனர். விளையாட்டாக இருந்தது அவர்களுக்கு வேலையாகிவிட்டது.

ஒரு பிள்ளை விரும்பாத வேலையைத் தொடங்கச் சிறிய பரிசு உதவலாம். ஆனால் அவன் விரும்பிச் செய்யும் வாசிப்புக்கும், தங்கைக்குச் செய்யும் உதவிக்கும், மறைக்கல்வி வகுப்புக்கு மகிழ்வோடு வருவதற்கும் விலை பேசத் தொடங்கினால், விலை நின்றதும் விருப்பமும் நின்றுவிடலாம். 'நீ தம்பிக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய், அவனுக்குப் புரிந்துவிட்டது' என்று செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டும் ஒரு சொல், வாங்கித் தரும் பொருளைவிடப் பல நேரங்களில் நீண்ட பயன் தரும்.

கண்கள் கற்கும் பாடம்

மூன்றாவது வழியே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா (1925–2021), டொரதியா ராஸ், ஷீலா ராஸ் ஆகியோருடன் சேர்ந்து 1961-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். சுமார் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 குழந்தைகள் அதில் பங்குபெற்றனர். தஞ்சாவூர்ப் பொம்மை போல, தள்ளினால் சாய்ந்து மீண்டும் நிமிரும் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று பயன்படுத்தப்பட்டது.

சில குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் அப்பொம்மையைக் குத்தினார், உதைத்தார், சுத்தியால் அடித்தார், கடுஞ்சொல் பேசினார். வேறு சில குழந்தைகளின் முன்னால் பெரியவர் அமைதியாக வேறு விளையாட்டில் ஈடுபட்டார். இன்னும் சிலர் எந்தப் பெரியவரையும் பார்க்கவில்லை. பின்னர் குழந்தைகளைத் தனித்தனியே அந்தப் பொம்மை இருக்கும் அறையில் விட்டனர். முரட்டுத்தனத்தைப் பார்த்த குழந்தைகள், அதே அடியை, அதே உதையை, அதே சொற்களைத் திருப்பிச் செய்தனர். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. யாரும் பரிசு தரவில்லை. பார்த்தார்கள், கற்றார்கள். 1963-ஆம் ஆண்டின் ஆய்வில், திரைப்படத்தில் பார்த்த குழந்தைகளும் அவ்வாறே செய்தனர்.

1965-ஆம் ஆண்டு பண்டூரா வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது. பொம்மையை அடித்தவர் பாராட்டப்படுவதை ஒரு குழு படத்தில் பார்த்தது. தண்டிக்கப்படுவதை ஒரு குழு பார்த்தது. எதுவும் நடக்காததை மற்றொரு குழு பார்த்தது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் அந்த முரட்டுச் செயல்களைக் குறைவாகவே செய்தனர். ஆனால் 'நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவோம்' என்று சொன்னதும், மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்து காட்டினர். கற்றல் எல்லாருக்குள்ளும் நிகழ்ந்திருந்தது. வெளிப்படும் வேளைக்காக அது உள்ளே காத்திருந்தது.

இதன் பொருள் என்ன? அம்மாவை அப்பா கை ஓங்குவதைப் பார்க்கும் சிறுவன் இன்று அமைதியாக இருக்கலாம். அதனால் அவன் எதையும் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. தம்பியை அடித்த அண்ணனை, 'இனி அடிப்பாயா?' என்று கேட்டுக்கொண்டே அடிக்கும் தந்தை, வாயால் ஒரு பாடமும் கையால் அதற்கு நேர் எதிரான பாடமும் நடத்துகின்றார். பிள்ளையின் கண்கள் கையைத்தான் பார்க்கின்றன.

நல்லவையும் இதே வழியில்தான் வருகின்றன. இரவு செபத்தில் பாட்டி சிலுவை அடையாளம் வரைவதைப் பார்த்து, பேசத் தெரியாத பேரக்குழந்தையும் தன் கையை நெற்றிக்குக் கொண்டுபோவதை நம் வீடுகளில் காண்கின்றோம். துப்புரவுப் பணியாளரை 'வாங்க' என்று அழைக்கும் தாயின் பிள்ளை, அந்த மரியாதையைப் பாடநூலில் படிக்கத் தேவையில்லை.

பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகள் உண்டு என்றார் பண்டூரா. கவனிக்க வேண்டும், மனத்தில் இருத்த வேண்டும், செய்யும் திறன் வேண்டும், செய்யத் தூண்டும் காரணம் வேண்டும். குழந்தைகள் கவனிப்பது தங்களுக்கு நெருக்கமானவர்களையும், செல்வாக்குடையவர்களையும்தான். சிறு வயதில் அந்த இடத்தில் இருப்பவர்கள் பெற்றோரே.

மனிதர் வெறும் தூண்டலுக்குத் துலங்கும் இயந்திரம் அல்லர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத வாக்கியங்களைப் பேசுகின்றது. வலுவூட்டலை மட்டும் கொண்டு இதை விளக்க முடியாது என்று மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1959-ஆம் ஆண்டு எழுதிய விமர்சனம் புகழ்பெற்றது. குடிகாரத் தந்தையைப் பார்த்து வளர்ந்து, 'நான் இப்படி இருக்க மாட்டேன்' என்று தீர்மானித்தவர்கள் நம் பங்குகளிலேயே உண்டு. கற்றவை நம்மைத் தள்ளுகின்றன. ஆனால் நாம் சிந்தித்து வேறு பக்கம் நடக்கவும் முடியும்.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவை

1. பிள்ளை நல்லது செய்யும்போது அதைக் கவனித்துச் சொல்வோம். தவறு செய்யும்போது மட்டும் நம் கவனம் கிடைத்தால், தவறே கவனம் பெறும் வழியாகிவிடும்.

2. 'இல்லை' என்று சொன்னால் அதில் நிலைத்திருப்போம். அழுகைக்குப் பலன் இல்லை என்று தெரியும்போது, அது அடங்குமுன் சில நாள்கள் கூடுதலாகும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக அழவே கற்பிப்போம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியும் இதில் ஒத்துழைப்பது நல்லது.

3. பாடம் படிக்கும் நேரமும் உணவு நேரமும் வசவு நேரமாகாமல் பார்த்துக்கொள்வோம்.

4. அச்சப்படும் பிள்ளையைக் கேலி செய்யாமல், சிறு சிறு படிகளாக அழைத்துச் செல்வோம். அச்சம் மிகுதியாக இருந்தால் உளநல வல்லுநரின் உதவியை நாடத் தயங்க வேண்டாம்.

5. கோபம் உச்சத்தில் இருக்கும்போது கண்டிக்காமல், சற்று விலகி நின்று, பிறகு பேசுவோம். கோபத்தை எப்படிக் கையாள்வது என்பதை அப்போது பிள்ளை நேரில் பார்க்கும்.

6. கைபேசியை வைத்துவிட்டுப் படி என்று சொல்லும்முன், நம் கையிலிருப்பதைக் கீழே வைப்போம்.

அன்பார்ந்தவர்களே, நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டேதான் இருக்கின்றார்கள். அதை நம்மால் நிறுத்த முடியாது. எதைக் கற்கின்றார்கள் என்பதில் மட்டுமே நமக்குப் பங்கு உண்டு. இன்று இரவு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். நம் குரலைக் கேட்டால் நம் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது மகிழ்ச்சியா, அச்சமா? நம் வீட்டில் எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கின்றது? நாளை நம் பிள்ளை நம்மைப் போலவே நடந்தால் நமக்கு மகிழ்ச்சியா?

சிந்திப்போம், மாற்ற வேண்டியதை நம்மிடமிருந்து தொடங்குவோம்.